நீதிமன்றத்தை அளக்கும் கோல்கள்



நீதியைப் பற்றி நம் முன்னோர் வழங்கிச் சென்ற கதைகளுள் இரண்டு நம்மவர் எல்லோரும் அறிந்தவை. ஒன்று, அநுராதபுரத்திலிருந்து ஆட்சி புரிந்த எல்லாளன் தன் படுக்கையின் தலைமாட்டிற் கட்டி வைத்திருந்த மணியின் கதை. முறையிட விரும்பியவர் எவராயினும் அம்மணியின் கயிற்றை இழுக்கலாம். கன்றை இழந்த பசுவும் இழுத்தது என்று மகாவம்சம் கூறும். சோழ நாட்டார் இதே கதையை மனுநீதி கண்ட சோழன்மேல் ஏற்றிச் சொல்வர். மற்றையது மதுரையில் நிகழ்ந்தது. பொற்கொல்லன் ஒருவனுடைய சொல்லை நம்பிய பாண்டியன், விசாரணை எதுவுமின்றிக் கோவலனைக் கொல்லப் பணித்தான். பின்னர் உண்மை தெரிந்தபோது தன் உயிரையே இழந்தான்.

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். நீதிமன்றத்தின் வாயில் எளியோருக்கும் திறந்திருத்தல் வேண்டும் என்கிறது முதற் கதை. விரைவு மட்டும் நீதியாகிவிடாது என்கிறது இரண்டாவது. கோவலனுடைய வழக்கைப்போல அத்துணை விரைவில் முடிந்த வழக்கு வேறொன்று இருக்குமோ என்பது ஐயம். தவணை இல்லை, செலவு இல்லை, நிலுவை இல்லை. ஆனால் நீதியும் இல்லை. ஆகவே ஒரு நீதிமன்றம் செவ்வனே நடைபெறுகிறதா என்று அறிய விரும்புவோர், அதனை எந்தக் கோலால் அளப்பது? ஒரு கோல் போதுமா, பல கோல்கள் வேண்டுமா? இன்று நாம் ஆராயப் புகும் பொருள் இதுவே.

இக்கேள்வி ஏட்டுக் கேள்வி அன்று. அண்மைய ஆண்டுகளில் நீதியமைச்சு வெளியிட்ட கணக்குகளின்படி, இலங்கை நீதிமன்றங்களில் நிலுவையிலுள்ள வழக்குகளின் தொகை பத்து இலட்சத்தைக் கடந்து நிற்கிறது. அவற்றுட் பெரும்பாலானவை நீதவான் நீதிமன்றங்களில் உள்ளவை. சிறைச்சாலைகளில் இருப்போருட் பெரும்பான்மையோர் தண்டனை பெற்றவர்கள் அல்லர்; தீர்ப்பை எதிர்நோக்கியிருக்கும் விளக்கமறியற் கைதிகள். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானவர்களுட் சிலர் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தீர்ப்பின்றிக் காத்திருந்தனர் என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது. குற்றமற்றவன் என்று இறுதியில் ஒருவன் விடுவிக்கப்பட்டாலும், கழிந்த ஆண்டுகளை அவனுக்குத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தத் தாமதம் மற்றொரு முகமும் காட்டுகிறது. அது காணியின் முகம். நம்மவர்க்கும் காணி வழக்குக்கும் உள்ள உறவு பழையது. இப்பகுதியின் வழமைகளை ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் 1706 - 1707ஆம் ஆண்டுகளில் திரட்டி எழுதினார். முதலியார்கள் பன்னிருவர் அதன் தமிழ் வடிவத்தைப் படித்துச் சரிபார்த்தனர். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் ஆங்கில அரசு அதற்குச் சட்ட வலு அளித்தது. அதுவே தேசவழமை. சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்று பொருளைப் பகுத்து, காணியை விற்கும்போது பங்காளிகளுக்கு முதலிற் கொள்ளும் உரிமையையும் அது வகுத்தது. இத்துணை நுட்பமான வழமையை உடைய ஊரில் எல்லை வேலியின் கதியால் ஒரு முழம் நகர்ந்தாலும் வழக்கு எழுவதில் வியப்பில்லை.

இதன்மேல் வந்து சேர்ந்தது போர். 1995ஆம் ஆண்டின் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ ஒருசேர இடம்பெயர்ந்தனர். பலருடைய உறுதிகள் அழிந்தன. பங்காளிகள் கனடாவுக்கும் இலண்டனுக்கும் சென்றனர். பிறர் குடியிருந்த காணியில் பத்தாண்டு ஆட்சியுரிமை கோரும் வழக்குகள் எழுந்தன. 1983 மே முதலாந் திகதி தொடக்கம் 2009 மே 18ஆந் திகதி வரை போரினால் தம் காணியை அணுக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அக்காலத்தை எண்ணலாகாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. நல்ல சட்டம். ஆயினும் சட்டம் கொடுத்த உரிமையை ஒருவர் கையிற் பெறுவது மல்லாகத்திலோ யாழ்ப்பாணத்திலோ பருத்தித்துறையிலோ சாவகச்சேரியிலோ உள்ள நீதிமன்றத்தின் வழியாகத்தான். அங்கே வழக்கு நீண்டால், தந்தை தொடுத்த வழக்கை மகன் முடிக்க நேரும். இடையில் வீடு கட்ட முடியாது. வங்கியிற் கடன் பெற முடியாது. பெண்ணுக்குச் சீதனம் எழுத முடியாது.

நிலுவையைக் குறைக்க அரசு முயலாமல் இல்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை அமைத்தது. சிறு பிணக்குகள் பல அங்கே இணக்கமாகத் தீருகின்றன. 2020ஆம் ஆண்டின் இருபதாவது அரசியலமைப்புத் திருத்தம், உயர் நீதிமன்ற நீதியரசர்களின் உச்சத் தொகையைப் பதினொன்றிலிருந்து பதினேழாகவும், மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தொகையைப் பன்னிரண்டிலிருந்து இருபதாகவும் உயர்த்தியது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் எத்தனை நீதிபதிகளைச் சேர்த்தாலும், காலம் எங்கே வீணாகிறது என்று தெரியாவிட்டால், ஓட்டைப் பட்டையால் துலா மிதித்து நீர் இறைத்த கதையாகவே முடியும். ஓட்டை எங்கேயென்று அறிவதற்கு அளவை வேண்டும்.

அளவை என்றவுடன் பலருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: இம்மாதம் எத்தனை வழக்குகள் முடிந்தன? இந்த ஒற்றை எண்ணிலுள்ள ஆபத்தை விளக்க, எனக்குப் பழக்கமான துறையிலிருந்து ஓர் உவமை சொல்ல அனுமதியுங்கள். ஒரு பாடசாலையின் தரத்தைப் பொதுப் பரீட்சையிற் சித்தியடைந்தோரின் வீதத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிட்டால் என்ன நேரும்? படிப்பிற் பின்தங்கிய பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தோற்றாமல் தடுக்கும் எண்ணம் ஒருவருக்குத் தோன்றும். கடினமான பாடங்களை விட்டு எளிய பாடங்களை எடுப்பிக்கும் எண்ணம் இன்னொருவருக்குத் தோன்றும். சித்தி வீதம் ஏறும், கல்வி இறங்கும். எவரும் பொய்க் கணக்கு எழுதவில்லை. ஆயினும் கணக்கு பொய் சொல்லிவிடுகிறது.

நீதிமன்றத்திலும் இதுவே நிகழும். வீதிப் போக்குவரத்துக் குற்றங்களை ஒரு காலைப் பொழுதில் நூற்றுக்கணக்கில் முடித்துவிடலாம். நாற்பது பங்காளிகளை உடைய ஒரு பாகப்பிரிவினை வழக்கு நாட்கணக்கில் விசாரணையை வேண்டி நிற்கும். இரண்டும் ஏட்டில் ஒவ்வொரு வழக்கே. எண்ணிக்கையை மட்டும் கேட்கும் மேலதிகாரிக்கு விடை சொல்ல வேண்டிய நீதிபதி எதனை முதலில் எடுப்பார்? இந்தக் குறையை உணர்ந்தே இந்தியாவில், வழக்கின் தன்மைக்கேற்ப அலகுகள் வகுத்து, ஒரு நீதிபதி இத்தனை அலகு வேலை செய்தல் வேண்டும் என்ற முறையை மாநில உயர் நீதிமன்றங்கள் கைக்கொண்டன. அதுவும் முழு மருந்தாகவில்லை. எளிதில் அலகு சேர்க்கும் வழக்குகள் முன்னே வர, பழைய சிக்கலான வழக்குகள் பின்னே தள்ளப்படும் என்னும் குறை அங்கும் பேசப்பட்டே வருகிறது.

ஒற்றை எண்ணின் மயக்கம் உலக அளவிலும் உண்டு. உலக வங்கி ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த வணிகச் சூழல் அறிக்கையில், ஒப்பந்த வழக்கொன்றை முடித்துத் தீர்ப்பை நிறைவேற்ற எத்தனை நாட்கள் செல்லும் என்று நாடுகள் வரிசைப்படுத்தப்பட்டன. அதன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கைக்குக் குறிக்கப்பட்டவை 1,318 நாட்கள். சிங்கப்பூருக்கு 164 நாட்கள். இந்த எண் நம்மை வெட்கப்பட வைத்தது உண்மைதான். ஆனால் அது கொழும்பிலுள்ள வணிக வழக்கு ஒன்றைக் கருத்திற் கொண்டு வகுத்த எண். மல்லாகத்துக் காணி வழக்கைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. மேலும், தரவுகளில் முறைகேடுகள் நிகழ்ந்தமை வெளிப்பட்டதால் அவ்வறிக்கை வரிசையையே உலக வங்கி 2021ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. வரிசையில் மேலே நிற்கும் ஆசை, அளப்பவர் கையிலுள்ள கோலையும் வளைக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அப்படியாயின் அளவையே வேண்டாமென்று விட்டுவிடலாமா? ஆகாது. மானிப்பாயில் இருந்து பேசும் எனக்கு இவ்விடத்தில் கிறீன் வைத்தியரின் நினைவு வருகிறது. அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரிற் பிறந்த சாமுவேல் கிறீன், 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியப் பணியைத் தொடங்கினார். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் ஆக்கினார். நல்ல வைத்தியர் எவரும் காய்ச்சலை மட்டும் அளந்து மருந்து கொடுப்பதில்லை. நாடி, மூச்சு, குருதி அழுத்தம், பசி, உறக்கம் என்று பலவற்றையும் ஒருங்கே பார்ப்பார். ஒன்று சீராக, மற்றொன்று கெடுகிறதா என்று கவனிப்பார். நீதிமன்றத்துக்கும் அத்தகைய ஒருங்கிணைந்த சோதனையே வேண்டும். அதனையே அறிஞர்கள் சமநிலை அளவைகள் என்பர்.

இந்தச் சிந்தனை விரிவடைந்த இடங்களுள் ஒன்று கிறீன் வைத்தியர் பிறந்த அதே மாநிலம் என்பது சுவையான ஒற்றுமை. அங்குள்ள ஹாவார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் றொபேட் கப்லானும், டேவிட் நோட்டன் என்பவரும் 1992ஆம் ஆண்டில், ஒரு நிறுவனத்தை அதன் இலாபக் கணக்கால் மட்டும் மதிப்பிடலாகாது என்று எழுதினர். பணம், வாடிக்கையாளர், உள்வேலை முறை, கற்று வளரும் திறன் ஆகிய நான்கு பக்கங்களிலிருந்தும் ஒரே வேளையில் நோக்குதல் வேண்டும் என்பது அவர்கள் கருத்து. நீதித்துறையிலோ இதற்குச் சற்று முன்னரே முயற்சி தொடங்கிவிட்டது. 1987ஆம் ஆண்டு அமெரிக்க நிபுணர் குழுவொன்று விசாரணை நீதிமன்றங்களுக்குரிய தரங்களை வகுக்கத் தொடங்கியது. எளிதில் அணுகும் வாய்ப்பு, காலந்தாழ்த்தாமை, சமத்துவமும் நேர்மையும், சுதந்திரமும் பொறுப்புடைமையும், பொதுமக்கள் நம்பிக்கை என்னும் ஐந்து தலைப்புகளின் கீழ் 68 அளவைகள் அமைந்தன. இத்தனையையும் அளக்கப் புகுந்தால் வழக்கை விசாரிக்க நேரம் எங்கே? ஆகவே 2005ஆம் ஆண்டில் மாநில நீதிமன்றங்களின் தேசிய நிலையம் அவற்றைப் பத்தாகச் சுருக்கியது.

மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் 2003ஆம் ஆண்டு ஒரு குழு, அங்குள்ள நீதிமன்றங்களின் நிருவாகத்தை ஆராய்ந்து கடுமையான அறிக்கை வெளியிட்டது. தீர்ப்புகளின் தரம் உயர்ந்ததே. ஆனால் மிகுந்த செலவும் மந்த நடையும் மக்களுக்குக் குறைந்த சேவையும் அதன் பயனைக் கெடுக்கின்றன என்பது அதன் சாரம். நீதிமன்றங்கள் அக்குற்றச்சாட்டை மறுத்துப் பேசுவதோடு நின்றுவிடாமல், அப்பத்து அளவைகளுள் நான்கைத் தேர்ந்து, தம்மைத் தாமே அளந்து, விளைவைப் பொதுமக்கள் முன் வைத்தன. பின்னர் மக்களின் கருத்தையும் கேட்டு அறிந்தன. சிங்கப்பூரிலோ, 1990ஆம் ஆண்டு பிரதம நீதியரசரான யொங் புங் ஹாவின் காலத்தில் நிலுவை பெரிதும் குறைக்கப்பட்டது. அங்குள்ள கீழ் நீதிமன்றங்கள் கப்லான், நோட்டன் இருவரின் முறையைத் தழுவி நீதி மதிப்பேடு ஒன்றை ஆக்கிக்கொண்டன. 2008ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியா, அமெரிக்கா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் நீதித்துறை அமைப்புகள் கூடி, நீதிமன்றச் சிறப்புக்கான சருவதேசச் சட்டகம் ஒன்றையும் வெளியிட்டன. சிங்கப்பூர் சிறிய நாடு, செல்வ நாடு. அதனை அப்படியே நாம் பின்பற்ற இயலாது. ஆயினும் அளக்கும் முறையை எவரும் கற்கலாம்.

இனி இவ்வளவைகளுட் சிலவற்றை நம் ஊர் நீதிமன்றத்தின் வாயிலில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, முடிவு வீதம். ஓராண்டில் புதிதாக வந்த வழக்குகளுக்கும் முடிந்த வழக்குகளுக்கும் உள்ள விகிதம் இது. ஓர் எடுத்துக்காட்டுக்காக, ஆயிரம் வழக்குகள் வந்து ஆயிரத்து ஐம்பது முடிந்தால், வீதம் நூற்றைந்து. நிலுவை குறைகிறது என்பது பொருள். இந்த எண் தேவையானதே. ஆனால் சற்று முன் கூறியவாறு, எளிய வழக்குகளை மட்டும் முடித்தும் இதனை உயர்த்தலாம்.

ஆகவே இதற்கு எதிர்த்தட்டில் வைக்க வேண்டியது இரண்டாவது அளவை, நிலுவையின் வயது. மீதியாயுள்ள வழக்குகளுள் ஓராண்டுக்கு உட்பட்டவை எத்தனை, ஐந்தாண்டைக் கடந்தவை எத்தனை, பத்தாண்டைக் கடந்தவை எத்தனை? முடிவு வீதம் உயரும்போதே நிலுவையின் வயதும் ஏறிக்கொண்டு போனால், கடினமான வழக்குகள் மூலையில் தள்ளப்படுகின்றன என்று உடனே தெரிந்துவிடும். ஒரு கோலின் பொய்யை மற்றக் கோல் காட்டிக்கொடுக்கிறது. சமநிலை என்பதன் உட்பொருள் இதுவே. இந்தியாவில் 2015ஆம் ஆண்டு தொடக்கம் தேசிய நீதித்துறைத் தரவுத் தளம் என்ற இணையத்தளம், மாவட்ட நீதிமன்றங்களின் நிலுவை வழக்குகளை வயதுவாரியாகப் பிரித்து எவரும் பார்க்கும்படி வெளியிட்டு வருகிறது. மதுரையிலோ திருநெல்வேலியிலோ உள்ள குடிமகன் தன் மாவட்டத்தின் நிலையைத் தானே பார்த்தறியலாம்.

மூன்றாவது, திகதியின் உறுதி. விசாரணைக்கென்று குறித்த நாளில் விசாரணை உண்மையாகவே நடைபெற்றதா? ஒரு வழக்கு முடியுமுன் எத்தனை தடவை விசாரணைக்கு நியமிக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது? நம் மக்களுக்கு நீதிமன்றம் என்றவுடன் நினைவுக்கு வரும் சொல் தவணை. நெடுந்தீவிலிருந்து படகேறி ஊர்காவற்றுறைக்கு வரும் சாட்சி, ஒரு நாட்கூலியை இழந்து வந்து, நண்பகலுக்கு முன்னரே தவணை என்று கேட்டுத் திரும்புகிறார். இரண்டு மூன்று முறை இவ்வாறு நேர்ந்தால் நான்காம் முறை அவர் வருவாரா? சாட்சி சோர்ந்தால் வழக்கு சோரும். எந்த வழக்கு எக்காரணத்தால் ஒத்திவைக்கப்பட்டது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதினாலே பல உண்மைகள் வெளிப்படும். சட்டத்தரணி வராமையா, அழைப்பாணை சேராமையா, அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வராமையா, ஒரே நாளில் அளவுக்கு மிஞ்சி வழக்குகளை நியமித்தமையா? நோய் வேறாயின் மருந்தும் வேறன்றோ?

நான்காவது, வழக்கேட்டின் செம்மை. கேட்ட வழக்கேடு எத்தனை நிமிடத்திற் கையில் வருகிறது? அதில் எல்லா ஆவணங்களும் உள்ளனவா? நம் பகுதிக்கு இது மிகவும் முக்கியமானது. அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நீதிமன்ற மொழி தமிழ். ஆனால் வழக்கு மேன்முறையீடாகக் கொழும்புக்குச் சென்றால், அங்கே அலுவல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழிலுள்ள சாட்சியமும் தீர்ப்பும் மொழிபெயர்க்கப்படல் வேண்டும். தட்டெழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் போதாவிடின், வழக்கு நீதிபதியிடம் அன்றிப் பெட்டகத்தில் உறங்கும். வழக்கேடு ஆயத்தமாக எத்தனை மாதம் சென்றது என்று தனியே அளந்தால், வேண்டியது இன்னொரு நீதிபதியா, இன்னும் இரண்டு மொழிபெயர்ப்பாளரா என்பது தெளிவாகும்.

ஐந்தாவது, மக்களின் மதிப்பு. இதனை அளப்பது எங்ஙனம் என்று சிலர் ஐயுறலாம். முறை எளிது. குறித்த ஒரு நாளில் நீதிமன்றத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு வினாத்தாள் கொடுப்பர். வழக்கில் வென்றீர்களா என்று அதிற் கேட்பதில்லை. உங்கள் வழக்கு நடக்கும் அறையைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்ததா? ஊழியர் மரியாதையாக நடந்தனரா? உங்கள் பக்கத்து நியாயத்தை நீதிபதி செவிமடுத்தாரா? அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கியதா? இவ்வாறான கேள்விகளே. தோற்றவர்களும் இவற்றுக்கு ஆம் என்று விடை கூறும் நீதிமன்றமே சிறந்த நீதிமன்றம். மக்கள் தீர்ப்பை ஏற்றுக்கொள்வது வெற்றி தோல்வியை மட்டும் பொறுத்ததன்று. விசாரணை நேர்மையாக நடந்ததென்ற எண்ணத்தையும் பெரிதும் பொறுத்தது என்று அமெரிக்க உளவியலாளர் ரொம் ரைலர் தம் ஆய்வுகளில் நிறுவியுள்ளார்.

இவற்றோடு, ஒரு வழக்குக்கு ஆகும் செலவு, ஊழியரின் மனநிறைவு, சட்டத்தரணியை அமர்த்த வசதியற்று வந்தோருட் சட்ட உதவி ஆணைக்குழுவின் துணை பெற்றோர் எத்தனை பேர், விளக்கமறியலிலிருந்தோர் எத்தனை நாட் காத்திருந்தனர் என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். எட்டு அல்லது பத்து அளவைகளுக்கு மேல் வேண்டியதில்லை.

இவை பயன்படும் விதத்தை ஒரு பாகப்பிரிவினை வழக்கில் வைத்துக் காட்டலாம். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி, வழக்கைப் பதிவு செய்தபின் அது காணிப் பதிவகத்திலும் பதியப்படுகிறது. பின்னர் நில அளவையாளருக்கு ஆணை செல்கிறது. அவர் காணியை அளந்து படம் வரைகிறார். பங்காளிகள் அனைவருக்கும் அறிவித்தல் போகிறது. அவர்கள் தத்தம் உரித்தை எழுதிக் கொடுக்கின்றனர். விசாரணைக்குப் பின் இடைக்காலத் தீர்ப்பு, மீண்டும் அளவை, பங்கீட்டுத் திட்டம், அதன் பின்னரே இறுதித் தீர்ப்பு. இடையில் பங்காளி ஒருவர் இறந்தால் அவருடைய உரிமையாளரை வழக்கிற் சேர்த்தல் வேண்டும். வெளிநாட்டிலிருப்பவர் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்புதல் வேண்டும். மொத்தம் பன்னிரண்டு ஆண்டு சென்றது என்று மட்டும் சொன்னால் பெருமூச்சுத்தான் மிஞ்சும். ஒவ்வொரு படிக்கும் எத்தனை மாதம் சென்றதென்று அளந்தால், நில அளவையாளரின் படத்துக்காகக் காத்திருந்த காலம் எவ்வளவு, அறிவித்தல் சேராமற் போன காலம் எவ்வளவு, நீதிபதி உண்மையாக விசாரித்த காலம் எவ்வளவு என்பது தெரியும். தாமதத்துக்கெல்லாம் நீதிபதியையோ சட்டத்தரணியையோ பழி சொல்லும் வழக்கத்துக்குப் பதிலாக, எந்த ஆணியை இறுக்குவது என்ற அறிவு பிறக்கும்.

இம்முறைக்கு எதிராக இரண்டு ஆட்சேபங்கள் கூறப்படுகின்றன. இரண்டும் மதிக்கத் தக்கவை. நீதிபதியின் வேலையை எண்ணால் அளக்கத் தொடங்கினால், அவருடைய சுதந்திரம் என்னாகும் என்பது ஒன்று. எண்ணுக்கு அஞ்சும் நீதிபதி, ஏழையின் சாட்சியைப் பொறுமையாகக் கேட்பாரா? இந்த அச்சம் நியாயமானது. ஆதலால் இரண்டு வரம்புகளை முதலிலேயே இடுதல் வேண்டும். அளக்கப்பட வேண்டியது நீதிமன்றத்தின் நடைமுறையேயன்றித் தீர்ப்பின் உள்ளடக்கம் அன்று. தீர்ப்பின் சரிபிழையை ஆராய மேன்முறையீடு இருக்கிறது. அளக்கும் பொறுப்பு, பிரதம நீதியரசரைத் தலைவராகக் கொண்ட நீதிச்சேவை ஆணைக்குழு போன்ற நீதித்துறையின் சொந்த அமைப்பிடம் இருத்தல் வேண்டுமேயன்றி, அமைச்சரிடமோ பொலிசாரிடமோ அன்று. நீதிபதிகளை முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசைப்படுத்துவதும், எண்ணைக் கொண்டு பதவி உயர்வைத் தீர்மானிப்பதும் கூடா. எண் வைத்தியரின் வெப்பமானியாக இருக்கலாம்; சட்டம்பியாரின் பிரம்பாக ஆகிவிடக்கூடாது.

நீதி அளக்க முடியாத பொருள் என்பது மற்ற ஆட்சேபம். உண்மைதான். கல்வியும் அளக்க முடியாத பொருளே. ஆனால் ஆசிரியர் வகுப்புக்கு வந்தாரா, பிள்ளைக்குப் புத்தகம் கிடைத்ததா, கேள்வி கேட்கத் துணிவு பெற்றதா என்பனவற்றை அறியலாம். இவையெல்லாம் இருந்தும் கல்வி விளையாமற் போகலாம். இவை ஒன்றும் இன்றிக் கல்வி விளைவது அரிது. நீதியும் அவ்வாறே. வாயில் திறந்திருத்தல், குறித்த நாளில் விசாரணை நடத்தல், ஏடு செம்மையாயிருத்தல், வந்தவரை மனிதராய் மதித்தல் ஆகிய இவை நீதியல்ல. நீதி முளைக்கும் பாத்தி.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுமென்று எண்ண வேண்டியதில்லை. ஒரு மாவட்ட நீதிமன்றத்தைத் தேர்ந்து, ஓராண்டுக்கு மூன்று காரியங்களைச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் காரணம் எழுதுதல். நிலுவை வழக்குகளின் வயதைக் காலாண்டுக்கு ஒருமுறை அறிவித்தற் பலகையில் இடுதல். ஆண்டில் ஒரு நாள் மக்களின் கருத்தைத் தமிழில் எழுத்தாற் கேட்டல். வாசிக்க இயலாதவர்களுக்கு வாயாற் கேட்கலாம். அவ்வூர் உயர்தர வகுப்பு மாணவர்களே அதற்குத் துணை நிற்பர். மேலிருந்து வரும் சீர்திருத்தத்தைக் காத்திருப்பதைவிட, இத்தகைய சிறு தொடக்கம் பெரும் பயன் தரும்.

நேயர்களே, நம் பங்கும் இதில் உண்டு. அழைப்பாணை வந்தால் நேரத்துக்குச் செல்வது. மத்தியஸ்த சபையில் தீரக்கூடிய வேலிப் பிணக்கைக் கௌரவத்துக்காக மேல் நீதிமன்றம் வரை இழுக்காமல் விடுவது. பிதிரார்ச்சிதக் காணியின் உறுதிகளைச் செம்மை செய்து பிள்ளைகளுக்கு விட்டுச்செல்வது. இவையும் வழக்கின் வயதைக் குறைக்கும் வழிகளே. நம்முடைய நீதிமன்றம் எப்படி நடக்கிறது என்று கேட்பதும் குற்றமன்று. தன் கணக்கைத் தானே எடுத்து மக்கள் முன் விரிக்கும் நீதிமன்றத்தின் மதிப்பு குறையாது, வளரும்.

எல்லாளன் தலைமாட்டில் மணி ஒன்றே இருந்தது. ஆனால் அது ஒலித்தபின் அவன் எழுந்து வந்தான், கேட்டான், ஆராய்ந்தான், முடிவு சொன்னான் என்பதனாலேயே அக்கதை ஈராயிரம் ஆண்டு நிலைத்திருக்கிறது. இன்று நாம் வேண்டுவதும் அதுவே: இழுத்தால் ஒலிக்கும் மணி, ஒலித்தால் எழுந்துவரும் நீதி, வந்தபின் அவசரமும் அசட்டையும் இன்றி ஆராயும் பொறுமை. இம்மூன்றும் ஒருங்கே உள்ளனவா என்று காட்டும் கோல்களை நம் நீதிமன்றங்கள் தாமே கையில் எடுக்கும் நாள் விரைவில் வருதல் வேண்டும்.